எக்ஸில் முடியும் எண்

அப்பாவின் அடையாள அட்டை எண்ணை நான் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்துவிட்டேன். ஒன்பது இலக்கங்கள், கடைசியில் ஆங்கில எழுத்து வீ. பாடசாலையில் எந்தப் படிவம் கொடுத்தாலும் "தகப்பனார் அல்லது பாதுகாவலர்" என்று ஒரு கட்டம் இருக்கும். நான் சின்னவளாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டதால் அந்தக் கட்டம் எப்போதும் அப்பாவுக்குத்தான். படிவத்தை அவர் முன்னால் வைத்தால் தொடவே மாட்டார். "நீயே எழுதும்மா, நான் சொல்றேன்" என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக்கொண்டு வருவார். கடைசியில் வரும் "வீ"யை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். அட்டையை எடுத்துக் காட்டியதில்லை. போட்டோகொப்பி கேட்டால், புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது என்று ஒரு கதை சொல்வார். பிள்ளைகள் அப்பாவின் கதைகளை நம்பத்தானே பிறந்திருக்கிறோம். நானும் நம்பினேன்.

எங்கள் தோட்டம் வட்டவளைக்கு மேலே. தொண்ணூறுகளில் ஒரு நாள் என் கண்ணுக்குக் கண்ணாடி வாங்க ஹட்டனுக்கு ரயிலில் போனோம். ராணுவக்காரர் ஒருவர் பெட்டியில் ஏறி, ஒவ்வொருவரிடமும் அட்டை கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா சட்டைப் பைக்குள்ளிருந்த பொலித்தீன் உறையைப் பிரித்து அட்டையை எடுத்தார். அதை அவர் கையில் கொடுக்கவில்லை. வலது ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நீட்டி மட்டும் காட்டினார். ராணுவக்காரர் படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், எங்கிருந்து என்று சிங்களத்தில் கேட்டார். "வத்தே, மாத்தயா" என்றார் அப்பா, தோட்டத்திலிருந்து என்று. ராணுவக்காரர் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகும் அப்பா கட்டைவிரலை எடுக்கவில்லை. அட்டை விழுந்துவிடாமல் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கண்ணாடி வந்த பிறகும் எனக்குச் சில விஷயங்கள் தெரியவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நான் கண்டியில் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்து, ஹட்டனில் செருப்புக் கடைக்கு மேலே இருந்த ஒரு சின்ன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், மழை பெய்தால் படுத்துவிடும் ஓர் இணைய இணைப்பு. நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். கணித ஆசிரியராக மலையகத்துக்கு வந்து, பிறகு ஆசிரிய வேலையை விட்டு இதைத் தொடங்கியவர். நான் அவரை சேர் என்றுதான் கூப்பிடுவேன். அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவருடைய அடையாள அட்டை சட்டையின் மேல்பையில் பாதி வெளியே தெரியும்படி இருக்கும். போர் கடைசிக் கட்டத்தில் இருந்த காலம் அது. சோதனையில் அட்டை கேட்டால் தேடிக்கொண்டு நிற்கும் அந்த அரை நிமிடம்கூடத் தனக்கு ஆகாது என்பார்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஒரு விடுதிக்கானது. தோட்டத்துப் பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கவைக்கும் விடுதி. அதற்கு ஒரு நுழைவுப் பரீட்சை. விண்ணப்பம் இணையத்தில் வரவேண்டும் என்று உதவி செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். தோட்டத்தில் யாரிடம் இணையம் இருக்கிறது என்று அவர்களிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. பிள்ளைகள் டவுனுக்கு வந்து, இணையம் வைத்திருக்கும் கொமியூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று, படிவத்தை நிரப்பினார்கள்.

படிவத்தில் வருவதை வாங்கி வைக்கிற பகுதியை எழுதியது நான். எம்.வி.சி. முறையில் எழுதினோம். பெரிய பெயராக இருந்தாலும் அது ஒரு வேலைப் பிரிவினைதான். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை வியூ பார்த்துக்கொள்ளும். விவரங்களையும் அவை எப்படி இருக்கவேண்டும் என்ற விதிகளையும் மொடல் வைத்திருக்கும். நடுவில் நின்று, வந்ததை வாங்கி, விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து, சரியென்றால் சேமிக்கச் சொல்லி, பிழையென்றால் திருப்பி அனுப்புவது கொன்ட்ரோலர். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி சாக்குக்குள் கையை விட்டு முற்றல் இலையைப் பொறுக்கி எறிவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு இதைப் புரியவைக்க சேர் அதிகம் மெனக்கெடவில்லை.

பாதுகாவலரின் அடையாள அட்டை எண்ணுக்கும் ஒரு விதி எழுதவேண்டியிருந்தது. கண்டதையும் அடித்துவிடக் கூடாதல்லவா. ஒன்பது இலக்கம், அதன்பின் வீ என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை. அட்டை எண் என்றால் அது வீயில்தான் முடியும், எங்கள் அப்பாவுடையது முடிகிறது, என்னுடையது முடிகிறது. பரீட்சித்துப் பார்க்க ஓர் எண் வேண்டியிருந்தபோது என் கை தானாக அப்பாவின் எண்ணைத் தட்டியது. பதிவு போய் விழுந்தது. வேண்டுமென்றே ஓர் இலக்கத்தைக் குறைத்து அனுப்பினேன். படிவம் சிவப்பு எழுத்தோடு திரும்பி வந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அதைக் கெடுத்ததும் நான்தான். இணையம் மெதுவாக இருந்ததால் கடைகளில் பிள்ளைகள் பொத்தானை அழுத்திவிட்டுப் பொறுமையிழந்து மறுபடி அழுத்தினார்கள். ஒரே விண்ணப்பம் இரண்டு மூன்று தடவை வந்து விழுந்தது. விண்ணப்பத்தை வாங்கியதும் ஆளை வேறொரு பக்கத்துக்கு அனுப்பிவிடும்படி மாற்றச் சொன்னார் சேர். மாற்றினேன். வெட்டி ஒட்டும்போது அந்த வரி ஓர் அடைப்புக்குறிக்கு வெளியே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு, எண் விதிப்படி இருந்தால் விண்ணப்பம் சேமிக்கப்படும். இல்லாவிட்டால் சேமிக்கப்படாது. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பக்கம்தான் வரும்: "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. நன்றி." அந்த வாசகத்தை நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். ஆரம்பத்தில், வருகிற ஒவ்வொரு படிவத்தையும் சரி பிழை பார்க்காமல் அப்படியே ஓர் எழுத்துக் கோப்பில் கொட்டிவைக்கிற மாதிரி ஒரு வரி போட்டிருந்தேன். அதைக் கண்டதும் சேர் முகம் மாறி, அழித்துவிடச் சொன்னார்.

"உதை உடன அழியும் பிள்ளை. தமிழ்ப் பிள்ளையளின்ர பேரும் விலாசமும் நம்பரும் ஒரே இடத்தில கிடக்கக்கூடாது. காலம் சரியில்லை."

மறுநாள் கேட்டபோது "அழிச்சிட்டேன் சேர்" என்றேன். அழிக்கவில்லை. நான் எழுதியதன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தக் கோப்பு இருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பிராவில், அடுத்த அறையில், ஒரு பெண் இருந்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுதியவள், என்னை அக்கா என்பாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர், எனக்கு அத்தை முறை. அவள் அப்பா எப்போதோ வீட்டை விட்டுப் போய்விட்டார். அத்தையிடம் அடையாள அட்டையே கிடையாது. அதனால் விடுதிப் படிவத்தில் பாதுகாவலராக எங்கள் அப்பாவைப் போடுவது என்று முடிவானது. அவளுக்கு அந்த விடுதி கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்பதும் முடிவாகியிருந்தது. கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்ப ஆள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். அந்த நாட்களில் கொழும்பிலிருந்து வந்த செய்திகளில் ஒன்றும் நல்லதாக இல்லை. எங்கள் தோட்டத்திலிருந்து போன ஒரு பெண்ணை, அவள் அங்கே தங்கியிருப்பதற்கு ஒரு தாளும் இல்லை என்று பொலிஸில் மூன்று நாள் பிடித்துவைத்திருந்து விட்டார்கள். அத்தை அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அவள் எங்கள் அலுவலகத்துக்கே வந்துதான் விண்ணப்பித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கையில் ஒரு தாளில் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்து, பார்த்துப் பார்த்து அடித்தாள். நன்றிப் பக்கம் வந்தது. "அவ்வளவுதான்டி, போ, படி" என்று அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினேன்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை அத்தையும் அவளும் அலுவலகப் படியேறி வந்தார்கள். அத்தை அன்றைக்கு வேலைக்குப் பேர் போடாமல் வந்திருந்தார்.

"பாப்பா, மேப்பிரிவுல ரெண்டு புள்ளைகளுக்குப் பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்துருச்சுங்களாம். எங்களுக்குத்தான் வரல. தபால்ல எங்கயாச்சும் நின்னுருக்குமா?"

"இருக்கும் அத்த, பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே பதிவுகளில் தேடினேன். அவள் பெயர் இல்லை. எழுத்துப் பிழையாக இருக்குமென்று வேறு மாதிரித் தேடினேன். இல்லை. அந்த விண்ணப்பம் போனதை நானே கண்ணால் பார்த்திருந்தேன். விடுதிக்குக் கடைசிப் பட்டியல் வியாழக்கிழமை மதியம் போகவேண்டும். சேர் அன்றைக்கு நுவரெலியாவில் ஒரு வேலையாக இருந்தார்.

அவள் கையிலிருந்த அதே தாளை வாங்கி நானே மறுபடி அடித்தேன். நன்றிப் பக்கம் வந்தது. பதிவைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் கிடைத்தது, நன்றி என்று அது சொல்லிற்று. என் வாழ்க்கையில் அந்த நன்றியைப் போல என்னைப் பயமுறுத்திய சொல் வேறில்லை. கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது அட்டை எண் கண்ணில் பட்டது. எங்கள் அப்பாவின் எண். ஒன்பது இலக்கமும் சரி. கடைசியில் மட்டும் வீ இல்லை, எக்ஸ் இருந்தது. அதை வீ ஆக்கி அனுப்பினேன். பதிவு டக்கென்று போய் விழுந்தது.

பயம் போன வேகத்தில் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதுமே கொஞ்சம் கூட.

"ஒரு எழுத்தப் பாத்து எழுதத் தெரியாதா ஒனக்கு? இந்த லட்சணத்துல விஞ்ஞானம் படிக்கப் போறியா?"

அவள் அழவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி, தான் எழுதியிருந்ததை ஒரு தரம் பார்த்தாள்.

"பாத்துத்தான்க்கா எழுதுனேன். மாமா வீன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டாரு. சரி, ஒரு தடவ பாத்துருவோமேன்னு சட்டப் பையில இருந்து கார்ட எடுத்தேன். கடைசி எழுத்து மங்கலாத்தான் இருந்துச்சு. சன்னல்கிட்ட வச்சுப் பாத்தேன். எக்ஸ்தான்க்கா."

எனக்கு ரயிலில் பார்த்த கட்டைவிரல் ஞாபகம் வந்தது.

அவர்களை அனுப்பிவிட்டு, அழித்துவிட்டதாகச் சொன்ன அந்தக் கோப்பைத் திறந்தேன். எக்ஸில் முடிகிற எண்களைத் தேடினேன். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அவளையும் சேர்த்து முப்பத்தேழு பேர். திம்புள்ளப் பக்கம், நல்லதண்ணிப் பக்கம், எங்கெங்கிருந்தோ. எல்லாரும் வரிசையில் நின்று, அடித்து, நன்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள். ஒருவர் பெயரும் பதிவில் இல்லை. வேலை போகும் என்பது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. முப்பத்தேழு வீடுகளில் முப்பத்தேழு பேர் என்னால் ஏமாந்திருக்கிறார்கள் என்பதுதான் பெரிதாக இருந்தது.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது இரண்டு தரம் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. வீட்டுக்குப் போக அவ்வளவு பயமாக இருந்தது.

அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். நான் போனபோது அவர் ஸ்டோரிலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டு, அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"அப்பா, ஒங்க ஐ.டி. கார்டக் குடுங்க."

"எதுக்கும்மா? நம்பருதான் ஒனக்குத் தெரியுமே."

"நம்பரு தெரியும். கடைசி எழுத்துத்தான் தெரியல."

அவர் அடுப்பைப் பார்த்தபடியே சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து, பிரிக்காமலே என் கையில் வைத்தார். நான் அட்டையை எடுத்து வாசலுக்குக் கொண்டுபோனேன். எண்ணின் கடைசியில் மட்டும் மேலிருந்த பிளாஸ்டிக் தேய்ந்து, பால் ஊற்றியதுபோல் மங்கியிருந்தது. சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்துத் தெரிந்தது. எக்ஸ்.

"எங்கய்யா, ஒன் தாத்தா, இந்தியாவுக்கே போயிறலாம்னு மனுக் குடுத்தவரு" என்றார் அப்பா, என் முதுகுக்குப் பின்னாலிருந்து. "நாங்க கெளம்புறதுக்குள்ள கப்பல் நின்னு போச்சு. அப்பறம் கார்டு எடுக்கப் போனா இந்த எழுத்தப் போட்டுக் குடுத்தாங்க. ஓட்டு இல்லாதவங்களுக்கு இதுதானாம். எக்ஸ் உள்ளவங்கள எல்லாம் என்னைக்கி இருந்தாலும் கப்பல் ஏத்திருவாங்கன்னு லயத்துல பேசிக்கிட்டாங்க. ஒன்ன ஸ்கூல்ல சேக்கப் போனப்ப மாஸ்டர் நம்பரக் கேட்டாரு. வாய் வீன்னு சொல்லிருச்சு."

"அப்பறம் மாத்திச் சொல்லியிருக்கலாமே."

"எப்புடிம்மா? ஒரு எடத்துல வீ, ஒரு எடத்துல எக்ஸுன்னா புடிச்சுர மாட்டாங்களா? நான் போனாப் பரவால்ல. ஒன்னையும் சேத்துல்ல அனுப்புவாங்க."

அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே சட்டம் வந்து, எங்கள் சனத்தில் மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று ஆகிவிட்டது. நான் அட்டை எடுத்தது அதற்குப் பிறகு. அதனால்தான் எனக்கு வீ. அப்பா அதை வானொலியில் கேட்டிருந்தார், ஆனால் நம்பவில்லை. அட்டையை மாற்றப் போனால் இத்தனை நாள் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்களே என்று போகாமலே இருந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. என் பாடசாலைப் படிவம், டிப்ளோமாப் படிவம், வேலைக்குக் கொடுத்த படிவம், எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் ஒரு பொய் எண். யாராவது ஒருவர் இரண்டை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இத்தனை வருடம் அவர் தனியாக வைத்திருந்ததில் பாதியை அன்றைக்கு நான் வாங்கிக்கொண்டேன்.

"அந்தப் புள்ளைக்கி வீன்னே போட்டுரும்மா" என்றார். "மத்தவங்களுக்கும் போட்டுரு. ஒரு எழுத்துத்தானே. ஒங்க சேருக்கும் தெரிய வேணாம்."

ஒளிக்காமல் சொல்கிறேன், பஸ்ஸில் வரும்போது நானும் அதையேதான் யோசித்திருந்தேன். கோப்பிலிருந்து எடுத்து, எக்ஸை வீ ஆக்கி, முப்பத்தேழையும் உள்ளே தள்ளிவிடுவது அரை மணி நேர வேலை. என் தப்பும் தெரியாது, கோப்பும் தெரியாது, அப்பாவின் பொய்யும் தெரியாது. ஆனால் பரீட்சை நாளன்று பாதுகாவலர் அட்டையோடு வாசலில் நிற்கவேண்டும், பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பிள்ளையை உள்ளே விடுவார்கள். அந்த விதி கடிதத்தில் இருந்தது. அந்தக் கடிதத்தைத் தட்டியதும் நானே.

"வாசல்ல கார்டப் பாப்பாங்கப்பா. பட்டியல்ல வீ, கார்டுல எக்ஸுன்னா அவள வெளிய நிப்பாட்டிருவாங்க."

"அப்ப வேற யாரையாச்சும் போடு. நான் வரல."

"வேற யாரப் போடுறது? இப்பப் போயி யாரத் தேடுறது? அந்தப் புள்ளையக் கொழும்புக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

சத்தம் அடுத்த காம்பிராவுக்குக் கேட்டிருக்கும். அப்பா தேத்தண்ணியை ஊற்றி என் முன்னால் வைத்தார். இருவரும் குடிக்கவில்லை.

புதன்கிழமை காலையில் சேர் வந்து உட்காருவதற்கு முன்பே எழுந்து நின்றேன்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

கோப்பைத் திறந்து காட்டினேன். அவர் திரையில் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். போகப்போக அவர் காது சிவந்தது.

"அழிச்சிட்டன் எண்டு சொன்னீர்."

"பொய் சொன்னேன் சேர்."

அடைப்புக்குறியைக் காட்டினேன். விதியைக் காட்டினேன். முப்பத்தேழு பேரையும் காட்டினேன். அவர் அந்த விதியின்மேல் விரலை வைத்தார்.

"வீ மட்டும்தான் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"எங்கப்பா சேர்."

சொல்லவேண்டும் என்று நினைத்து வரவில்லை. ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. கட்டைவிரலையும் சொன்னேன், கப்பலையும் சொன்னேன், என் படிவங்களையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது, இனி இவர் நினைத்தால் எங்கள் இரண்டு பேரையும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றியது.

சேர் தன் பையில் பாதி தெரிந்துகொண்டிருந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ர ஐ.டி. காட்டில எழுத்துச் சரி. பிறந்த இடம்தான் பிழை, யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு" என்றார். "உம்மட அப்பா விரலால மறைக்கிறார். எனக்கு மறைக்க உள்ளங்கை வேணும். இரும். முதல்ல விடுதிக்குப் போன் அடிச்சுக் கதைப்பம்."

அவர் தொலைபேசியில் என் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பிழை, முப்பத்தேழு பிள்ளைகளின் விண்ணப்பம் நேரத்துக்கு வந்தும் பதியப்படவில்லை என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமாகக் கேட்டது. கடைசியில், வியாழக்கிழமை மதியத்துக்குள் பட்டியலில் இருக்கிறவர்களுக்கு இடம் உண்டு என்றார்கள். "பாதுகாவலருக்கு அட்டை இருக்கவேணும் எண்டுதானே உங்கட விதி? என்ன எழுத்து எண்டு இல்லையே?" என்று சேர் கேட்டார். இல்லை என்றார்கள். வீ மட்டும்தான் என்ற விதியை எழுதியது உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

விதியில் வீக்குப் பக்கத்தில் எக்ஸைச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடைப்புக்குறியை இடம் மாற்றினேன். செவ்வாய்க்கிழமை வீ போட்டு நான் உள்ளே தள்ளிய பதிவை அழித்தேன். பிறகு முப்பத்தேழு படிவங்களையும் ஒவ்வொன்றாக அதே வாசல் வழியாகவே அனுப்பினேன். ஒவ்வொன்றும் விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. மழை வந்து இணைப்பு இரண்டு தடவை படுத்தது. நல்லவேளை, பிற்பகலில் திரும்பி வந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணுடையதைக் கடைசியாக அனுப்பினேன். அப்பாவின் எண்ணைத் தெரிந்தே எக்ஸோடு என் கை அடித்தது அதுதான் முதல் தடவை. விரல் அந்த எழுத்துக்குப் போகமாட்டேன் என்றது. கோப்பை சேர் முன்னாலேயே அழித்தேன். அவர் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் திறந்து பார்த்தார்.

கடிதம் போய்ச் சேர நேரமில்லை. பாடசாலை அதிபர்களுக்கும் தோட்டத்துக் கடைகளுக்கும் தொலைபேசியில் சொல்லி அனுப்பினோம். மூன்று பேருக்கு எங்களால் தகவல் சொல்லவே முடியவில்லை. அந்த மூன்று பெயரும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

அப்பா வருவாரா என்று வெள்ளிக்கிழமை இரவுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் பயந்தேன். சனிக்கிழமை காலையில் அவர் முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் நின்றார். அடுத்த காம்பிராவிலிருந்து அந்தப் பெண் பென்சில்களை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

விடுதி வாசலில் ஒரு மேசை போட்டு, கண்ணாடி அணிந்த ஓர் அம்மா பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். அந்தக் காலத்தில் நாலு பேர் கூடுகிற எந்த இடத்திலும் ஒருவர் நிற்பார். அவரைக் கண்டதும் அப்பா நின்றார். திரும்பிப் போய்விடுவாரோ என்று நான் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

எங்கள் முறை வந்தது. அப்பா உறையைப் பிரித்து, அட்டையை எடுத்து, பழைய மாதிரியே ஓரத்தில் கட்டைவிரலை வைத்து நீட்டினார். அந்த அம்மா கையை நீட்டியபடி காத்திருந்தார். "குடுங்க ஐயா, பாக்கணும்" என்றார். அப்பா விரலை எடுத்தார்.

அவர் அட்டையைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் நின்றார். கண்ணாடியை மேலே தள்ளினார். அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"கடைசி எழுத்துத் தேஞ்சு போயிருக்கே. இது வீயா, எக்ஸாங்க?"

பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பட்டியலை அச்சடித்ததே நான்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் நடுவில் பென்சில்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலைங்க" என்றார் அந்த அம்மா.

"எக்ஸுங்க" என்றார் அப்பா. இத்தனை வருடம் வீ என்று சொன்ன அதே குரலில், கொஞ்சம் சத்தமாக.

அந்த அம்மா பட்டியலைப் பார்த்து ஒரு சரி போட்டார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"புள்ளைய உள்ள அனுப்புங்க. அடுத்தவங்க வாங்க."